மூன்றாம் இட ஆட்டத்தின் இருபத்து மூன்று நிமிடங்கள்

என் அன்பு ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய இடது முழங்காலும் என்னுடைய மனசும் மட்டும் கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். பேத்தி மாடிப்படி ஏறுகிற வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டேன், ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து, கீழ்ப்படியில் ஒரு தலையணையைப் போட்டு வையுங்கள். போனில் பேசினால் நடுவில் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், கடைசியில் போன மாதம் மாதிரி நீ பட்டென்று வைத்துவிடுவாய், அதனால் எழுதிவிட்டு, படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லி அப்பாவிடம் கொடுக்கப் போகிறேன். அவர் எடுக்கிற படத்தில் பாதி அவருடைய கட்டைவிரல்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தாளும் இருக்கிறது. சனிக்கிழமை நான் நடுவராக நின்ற மூன்றாம் இடக் கால்பந்து ஆட்டத்தின் அறிக்கை. அதை இன்றைக்கு நாலு மணிக்குள் போட்டிச் செயலாளரின் மேசையில் வைத்தாக வேண்டும், இப்போது இரண்டே கால். அதில் உண்மையை எழுதினால் ஒரு அணியின் கோப்பை போகும், இருபத்தாறு வருடம் கறை படாமல் வைத்திருந்த என் பெயரும் போகும், அடுத்த வருடம் முதல் அந்த ஆட்டமே இல்லாமல் போனாலும் போகும். எழுதாவிட்டால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இதைத்தான் மூன்று நாளாகப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன், அப்பா சலிப்போடு பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டுத் தன் பட்டறைக்குப் போய்விடுகிறார்.

முதலில் உன் கோபத்துக்கு வருகிறேன். நீ எனக்கு டிக்கெட் எடுத்தது வெள்ளிக்கிழமைக்கு, ஆட்டம் சனிக்கிழமை, தேதியை மாற்று என்று நான் சொன்னதும் உனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. “தோத்துப்போன ரெண்டு டீம் சும்மா ஓடறதுக்கு நீ விசில் ஊதணும், அதுக்காகப் பேத்தியப் பார்க்க வர மாட்டே, அப்படித்தானே” என்று கேட்டாய். நியாயமான கேள்வி. அப்பாவும் உன் கட்சிதான். செயற்கைப் பல் செய்கிறவர் இல்லையா, முன்பல் இரண்டும் பளிச்சென்று இருந்தால் போதும், மூணாவது பல்லை யாரு பார்க்கிறா என்கிறார். நான் அப்போது பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஐம்பத்தைந்து ஆனால் நடுவர் வேலையை விட வேண்டும் என்பது விதி, எனக்கு அடுத்த மாதம் ஐம்பத்தைந்து, சனிக்கிழமை ஆட்டம்தான் என்னுடைய கடைசி ஆட்டம். சொல்லியிருந்தால் நீ உடனே இறங்கி வந்திருப்பாய். எனக்கு உன்னுடைய இரக்கம் வேண்டியிருக்கவில்லை, வீம்புதான், வேறென்ன. இந்த இருபத்தாறு வருடத்தில் ஒரு இறுதி ஆட்டம்கூட எனக்குக் கொடுத்ததில்லை என்பதும் உனக்குத் தெரியும். வருடா வருடம் மூன்றாம் இடம்தான் என் தலையில் விழும். முதலில் அழுகை வரும், பிறகு பழகியது, பிறகு எப்படியோ அதையே எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று உனக்கு எப்படிச் சொல்வேன். அரையிறுதியில் தோற்ற அன்றைக்கு அவர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாது. இரண்டு நாள் கழித்து அதே ஆட்கள் வருவார்கள், பெட்டியெல்லாம் கட்டி முடித்துவிட்டு ரயில் வர இன்னும் நேரமிருக்கிறது என்று உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருப்பார்கள். இந்த முறை ஒரு பக்கம் பஸ் டிப்போ, இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு. டிப்போக்காரர்கள் முதுகில் அவரவர் போகும் பஸ்ஸின் தட எண்ணைத்தான் போட்டிருப்பார்கள், நாற்பத்தேழு ‘ஏ’ என்று முதுகில் எழுதிய ஆளுக்கு எப்படி மஞ்சள் அட்டை காட்டுவது, எனக்குச் சிரிப்புதான் வரும். சலவைக்காரர்களின் சட்டை வெள்ளை கண்ணைக் கூசும். பார்க்க வந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள், அதிலும் நாலு பேர் மறுநாள் இறுதி ஆட்டத்துக்கு நாற்காலி போட வந்தவர்கள். வெயில், பால் தாராளமாகக் கலந்த டீயின் நிறத்தில் மைதானம் முழுக்கப் படுத்திருந்தது. ஒருவர் விழுந்தால் இடித்தவரே தூக்கிவிட்டு, முழங்கால் மண்ணையும் தட்டிவிட்டார். டிப்போ கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்துகொண்டு என்னவோ முணுமுணுத்துப் பாடினார், பந்து வந்தால் பிடித்தார், பிடித்துவிட்டு விட்ட அடியிலிருந்து பாடினார். யாருக்கும் பயமில்லை. பயம் போன பிறகு மனிதர்கள் இவ்வளவு அழகாக ஓடுவார்கள் என்பதை நான் அந்த ஆட்டத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு எப்போதும் இரண்டு கைக்கடிகாரம். இடது கையில் இருப்பது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், வலது கையில் இருப்பதைப் பந்து வெளியே போய்த் தாமதமானால் நிறுத்துவேன், திரும்ப ஆடும்போது ஓடவிடுவேன். அன்றைக்கு இடது கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றித் தருகிறேன் பேர்வழி என்று அப்பா அதைப் பிரித்துப் பல் செட்டுகளுக்கு நடுவில் பரப்பி வைத்திருந்தார், ஒன்றோடுதான் போனேன். இரண்டாம் பாதியில் இருபத்திரண்டாவது நிமிடம் யாரோ ஓங்கி உதைத்த பந்து தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் போய்ச் சிக்கிக்கொண்டது. கடிகாரத்தை நிறுத்தினேன். நாற்காலிக்காரர் ஒருவர் ஏறி எடுத்துத் தர ஐந்து நிமிடம் ஆனது, அதுவரை இரண்டு அணியும் புல்லில் உட்கார்ந்து கதை பேசினார்கள். பந்து வந்தது, விசில் ஊதினேன், ஆட்டம் தொடங்கியது, கடிகாரத்தை மட்டும் ஓடவிட மறந்துவிட்டேன். ஐந்து முப்பத்தைந்துக்கு முடிந்திருக்க வேண்டிய ஆட்டம். அப்போது டிப்போ இரண்டு, சலவை ஒன்று. அதற்கப்புறம் சலவையின் இஸ்திரிக்காரர் ஒன்று போட்டுச் சமன் செய்தார். அப்புறம் அவர்களுடைய பாய்லர்க்காரர். நாற்பத்தேழு வயது, பதினொரு வருடமாகத் தடுப்பில் நிற்கிறார், ஒரு கோல்கூட அடித்ததில்லை, அடிக்கப் போனதும் இல்லை. எதற்கோ முன்னால் வந்து நின்றார். பந்து காலில் பட்டதா முழங்காலில் பட்டதா தெரியாது, மெதுவாக, மிக மெதுவாக உருண்டு, விழுந்து கிடந்த கீப்பரைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, வலையைத் தொடாமலே நின்றது. மனிதருக்குக் கொண்டாடத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவர், பிறகு உள்ளே போய்ப் பந்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அப்போதுதான் நான் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தேன். இருபத்திரண்டிலேயே நின்றிருந்தது. உடனே ஆட்டத்தை முடித்தேன், நாற்காலிக்காரரின் போனில் மணி பார்த்தால் ஐந்து ஐம்பத்தெட்டு.

இது வரைக்கும் சொன்னது மறதி. சொல்லக் கூசுவது இனிமேல்தான். அந்தத் தண்ணீர்த் தொட்டியின் நிழலை இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன், இந்த மாதத்தில் ஆட்டம் முடிகிற நேரத்துக்கு அது நடுவட்டத்துக்கு வரும். அன்றைக்கு நடுவட்டத்தைத் தாண்டி அந்தப் பக்கக் கோல்வரைக்கும் நீண்டு கிடந்தது. நான் அதன்மேலேயேதான் ஓடிக்கொண்டிருந்தேன். பார்த்தேன் ராசா. நேரம் ஆகிவிட்டது என்று எனக்குள் ஒன்று சொன்னது, கையைத் தூக்கிப் பார்க்கத்தான் மனசு வரவில்லை. முழங்கால் வலி தெரியவில்லை, மூச்சு வாங்கவில்லை, ஓடுகிறேனா மிதக்கிறேனா என்றே புரியவில்லை, விசிலை ஊதிவிட்டால் அதோடு எனக்கு எல்லாம் முடிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டுவிட்டேன். திருட்டுத்தனம்தான், வேறு பெயர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்குப் பிறகு சலவைக்காரர்களுக்கு அந்தச் சின்னக் கோப்பையைக் கொடுத்தார்கள், நானும் கூட்டத்தோடு கூட்டமாகக் கை தட்டினேன், வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை.

நேற்றுக் காலையில் முதல் வேலையாகச் செயலாளருக்குப் போன் போட்டேன். அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. “நாப்பது நிமிஷம்னு எழுதிட்டுப் போங்க மேடம், மூணாவது எடத்து மேட்ச்சு, யாரு கேக்கப்போறா” என்றார். எழுதினால் விதிப்படி பிந்திய இரண்டு கோலும் செல்லாது, கோப்பை டிப்போவுக்குப் போகும், எனக்குத் தரப்போகும் சான்றிதழில் ஒரு குறிப்பு ஏறும், இந்த மேட்ச்சே தொல்லை, அடுத்த வருஷத்துலேர்ந்து வேண்டாம்னு கமிட்டியில கை தூக்கிடுவாங்க என்றும் சேர்த்துச் சொன்னார். எல்லைக்கோட்டில் கொடி பிடித்த முடிதிருத்துகிறவர் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குள்ளேயே என்னைப் பார்த்துச் சிரித்து, “தெரியும் மேடம், நீங்க சின்னப் பொண்ணு மாதிரி ஓடிட்டிருந்தீங்க, எப்படிக் கூப்பிட்டுச் சொல்றது” என்றார். அப்புறம் டிப்போ. அவர்கள் கேப்டன் ஒரு கண்டக்டர், சில்லறைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார். நேரம் தவறி ஆடியதில் கோப்பையை இழந்தவர்கள் நீங்கள்தான், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். “எங்களுக்கா மேடம் நேரம் தெரியாது” என்றார். “அஞ்சு நாப்பதுக்கே பதினோரு பேருக்கும் தெரியும். ஒரு நிமிஷம் லேட்டானா மெமோ வாங்கற ஆளுங்க நாங்க. ஒரு நாளாவது யாரும் கேக்காம லேட்டாகட்டுமேன்னு விட்டுட்டோம்” என்று சொல்லிவிட்டு, படியில் தொற்றி ஏறிப் போய்விட்டார்.

ஆக, யாருக்கும் உண்மை வேண்டாம். அப்புறம் யாருக்காக எழுதறே என்று அப்பா கேட்டார். எனக்கும் முதலில் தெரியவில்லை. ஆனால் அந்த ‘யாரு கேக்கப்போறா’ மட்டும் காதிலேயே நின்றது. இறுதி ஆட்டத்தில் இப்படி நடந்திருந்தால் ஊரே ரெண்டுபட்டிருக்கும். மூன்றாம் இடம் என்பதால்தானே நாற்பது என்று எழுதச் சொல்கிறார்கள். நீயும் போனில் அதையேதான் வேறு வார்த்தையில் கேட்டாய். நான் பொய் எழுதினால் நீங்கள் எல்லோரும் சொல்வது சரி, அது கணக்கில்லாத ஆட்டம், நானும் இத்தனை வருடம் கணக்கில்லாத இடத்தில்தான் ஓடியிருக்கிறேன் என்று ஆகிவிடும். தப்புக்குத் தண்டனை உள்ள இடத்தில்தான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும். ஆனால் இதைச் சொல்வது சுலபம், அந்தச் சலவைக்கூடத்துக்குப் போய் நிற்பது சுலபமில்லை.

இன்றைக்குக் காலையில் போனேன். உள்ளே ஒரே ஆவி, எதிரில் நிற்பவர் முகம் வந்து வந்து மறைகிறது, பெரிய உருளைகள் சுற்றுகிற சத்தம், மேசை மேசையாக வெள்ளை விரிப்புகள். சோப்புத்தூள் டப்பாக்களுக்கு நடுவில் கோப்பையை வைத்து, தூசி படாமல் ஒரு தலையணை உறையைப் போர்த்தியிருந்தார்கள். பாய்லர்க்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், நிழலைப் பார்த்ததையும் சொன்னேன். விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் வால்வைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வந்து, “அப்ப என் கோல் போயிடுமா மேடம்” என்று கேட்டார். கணக்கில் போய்விடும் என்றேன். ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கோபமே இல்லாமல், “கணக்குல போகட்டும் மேடம். உள்ள போச்சுல்ல? நீங்க பார்த்தீங்கல்ல?” என்றார். நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

மணி மூன்று ஆகிறது, கிளம்ப வேண்டும். மாற்றிய தேதியில் கட்டாயம் வருகிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் அழைத்துப்போக வா. மருமகளையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தர் மேல் ஒருத்தர் ஆசையாக, நீண்ட காலம் நல்லபடியாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. உன் கடைவாய்ப்பல் வலியை அலட்சியம் செய்யாதே, பல்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார் அப்பா, இது மூன்றாவது ஞாபகப்படுத்தல், நாலாவது தடவை அவரே போன் செய்வார், அவர் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உனக்கு அன்றைக்கு லீவு போட வேண்டியிருக்கும். அறிக்கையை இப்போதுதான் எழுதி முடித்தேன், கடைசிப் பகுதியை உனக்கும் எழுதிக் காட்டிவிடுகிறேன், செயலாளர் படிக்காவிட்டாலும் நீயாவது படி. ‘இரண்டாம் பாதி நாற்பதுக்குப் பதில் அறுபத்து மூன்று நிமிடம் ஆடப்பட்டது, தவறு முழுக்க நடுவருடையது, நேரம் கடந்ததை அவர் அறிந்திருந்தார். பிந்திய நேரத்தில் விழுந்த இரண்டு கோல்களும் விதிப்படி செல்லாது. அவற்றில் இரண்டாவதை அடித்தவர் சலவைப் பிரிவின் பாய்லர் இயக்குநர். பந்து முழுமையாகக் கோட்டைத் தாண்டியது. நான் பார்த்தேன்.’

இப்படிக்கு,
உன் அம்மா