மாவு மில்லுக்குப் பக்கத்தில் பரோட்டாக் கடை

17 ஜூன் 2025, செவ்வாய்

மறுபடியும் வந்துவிட்டது.

காலை ஷிப்டுக்குக் கிளம்பி சிப்காட் ரோடு வரைக்கும் போனேன். வயிறு ஒரு முறுக்கு முறுக்கியது. வண்டியைத் திருப்பினேன். ஓசூரில் எந்தப் பெட்ரோல் பங்கில் கக்கூஸ் சுத்தமாக இருக்கும், எங்கே பூட்டி வைத்திருப்பார்கள், எங்கே சாவி கேட்டால் முறைப்பார்கள் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கலாம்.

பிப்ரவரியில் பெங்களூர் டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, சீலியாக் என்றார். கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆயுசுக்கும் ஆகாது. துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடுமாம். அதுவரைக்கும் இந்த நோய்க்கு எங்கள் வீட்டில் பெயர் 'கேஸ் டிரபுள்'. பரோட்டா தின்றே வளர்ந்த உடம்பு. என்னிடம் போய் இதைச் சொல்கிறார்!

என் மனைவி டெல்பின் அன்றைக்கே சமையலறையைத் தலைகீழாகப் புரட்டினாள். ரவை, சேமியா எல்லாம் வெளியே போயின. பெருங்காயத்தில்கூட மைதா கலப்பார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு அந்த டப்பாவையும் கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். புதுத் தோசைக்கல் வந்தது. எனக்கென்று ஒதுக்கின கரண்டிக் காம்புக்கெல்லாம் என் கம்பெனிச் சிவப்பு டேப் சுற்றினாள். "உங்களுக்கு இல்லாதது எனக்கும் வேணாம். இனிமே இந்த வீட்டுல பரோட்டான்ற பேச்சே கிடையாது" என்று சபதம் வேறு.

அப்புறமும் எப்படி வருகிறது? எனக்குத் தெரியவில்லை. டெல்பினுக்குத் தெரியுமாம்.

"எங்க தின்னீங்க?" என்றாள், கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு.

18 ஜூன், புதன்

கஞ்சி. இளநீர். உப்புக் கரைசல். வாய்ப்புண். தலைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது, தானாக அடங்கும் வரை படுத்துக் கிடக்க வேண்டியதுதான்.

டெல்பின் கோயிலில் நடக்கிற சகாய மாதா நவநாள் ஜெபத்துக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் வாசல் குழாயில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். புதன்கிழமை தவறாமல் இப்படித்தான். ராத்திரிச் சாப்பாடு வேண்டாமாம். "மனசு நெறைஞ்சிருக்கு" என்றாள். பக்தி அவளுக்கு. பேதி எனக்கு.

29 ஜூன், ஞாயிறு

மாவரைக்கும் நாள். எங்கள் வீட்டில் எனக்கென்று பயமில்லாமல் சாப்பிட ஒரு சாப்பாடு உண்டென்றால் அது ராகிக் களிதான். மத்தூர்ப் பக்கம் மாமனார் நிலத்தில் விளைந்தது. மருந்துக்கும் ஒரு கோதுமை மணி இருக்காது. டெல்பின் கல் பொறுக்கி, கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து டப்பாவில் கொட்டித் தருவாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சாயங்காலம் மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. பாக்கெட் மாவு வாங்குகிற சோம்பேறி இல்லை நான்.

சிக்கல் என்னவென்றால், சென்னகிருஷ்ணனின் மாவு மில்லுக்கு ஒட்டின மாதிரி கருப்பசாமி மாஸ்டரின் பரோட்டாக் கடை. பனை மரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்லுவார்கள்.

இன்றைக்கு நல்ல கூட்டம். எனக்கு முன்னால் ஒரு அம்மா டின் நிறையக் கோதுமையோடு நின்றார். மெஷின் ஓட ஓட மாவுப் புகை. விடுவேனா? கைக்குட்டையை மூக்குக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, அந்தக் கோதுமை முடிகிற வரைக்கும் தெருவில் போய் நின்றேன். அவ்வளவு ஜாக்கிரதை! தெருவில் நிற்க இருக்கிற ஒரே இடம் பரோட்டாக் கடை வாசல். மாஸ்டர் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். பழைய வாடிக்கையாளனைப் பார்க்கிற சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

1 ஜூலை, செவ்வாய்

வந்துவிட்டது. ஷிப்ட் பாதியில் ஓடி வந்தேன்.

டெல்பின் கணக்கு டீச்சர். விடையை மட்டும் சொன்னால் மார்க் கொடுக்க மாட்டாள், வழிமுறை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் போட்டிருந்த நீல பனியனை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள்.

"ராகி மாவு இன்னா நிறம்?"

"பழுப்பு."

"இது?"

தோளில் வெள்ளையாக மாவுத் தூசி.

"மில்லுல பறந்திருக்கும் டெல்பின்."

"மாவரைக்க ஒன்றரை மணி நேரம். சட்டைல வெள்ளை மாவு. ரெண்டாம் நாள் பேதி. இதுல நான் இன்னா விடை எழுதறது, சொல்லுங்க?"

அந்தோணியார் படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். "அவரு காணாமப் போனதைக் கண்டுபுடிச்சுத் தர்ற சாமி. உங்க நாணயத்தைக் கண்டுபுடிச்சுத் தரச் சொல்லுங்க" என்று பனியனை ஊறவைக்கப் போய்விட்டாள்.

9 ஜூலை, புதன்

பெங்களூர். ரத்தப் பரிசோதனையில், கோதுமை உள்ளே போவதைக் காட்டிக்கொடுக்கிற அளவு இறங்கவே இல்லை. பிப்ரவரியில் எங்கே இருந்ததோ அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "வெளியே ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார்.

"கேளுங்க டாக்டர், நல்லாக் கேளுங்க" என்றாள் டெல்பின்.

பஸ்ஸில் அத்திப்பள்ளி வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் ஒரே வரி. "ரத்தம் பொய் சொல்லாதுங்க."

நான் பொய்யே சொல்லாதவன் இல்லை. வண்டி வாங்கின விலையில் சொல்லியிருக்கிறேன். அவள் தம்பி கல்யாணத்தன்று ஓவர்டைம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் இதில் சொல்லல. சத்தியமா சொல்லல. தின்னாத பரோட்டாவுக்கு ஒருத்தன் எவ்வளவு நாள்தான் திட்டு வாங்குவான்? தின்றிருந்தாலாவது ருசி மிஞ்சியிருக்கும்.

15 ஜூலை, செவ்வாய்

இந்தத் தடவை ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கும் போனேன், களியும் தின்றேன். எனக்கு முன்னால் ஒரே ஒரு பெரியவர்தான் ராகி அரைத்துக்கொண்டிருந்தார், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"பாத்தீங்களா? வாயை அடக்குனா வயிறும் அடங்குது" என்கிறாள்.

20 ஜூலை, ஞாயிறு

கோயில் பூசையில் நன்மை என்று கொடுக்கிற அப்பமும் கோதுமைதான் என்பதால் நான் வாங்கப் போவதில்லை. பங்குச் சாமியாருக்குத் தெரியும். தேவமணிக்குத் தெரியாது. டெல்பினோடு நவநாளுக்குப் போகிறவள், எதிர் வீடு. பூசை முடிந்ததும் டெல்பின் காதைக் கடித்தாளாம்: "உங்க வீட்டுக்காரரு ஏன் நன்மை வாங்கறதில்ல? எதுனா பெரிய பாவமா?"

"ஆமா. பரோட்டா" என்று சொன்னாளாம் என் மனைவி.

6 ஆகஸ்ட், புதன்

கம்பெனியில் ரகளை. கறுப்பு பிளாஸ்டிக் ஓட்டின மோல்டிங் மெஷினில், என்னிடம் வேலை பழகுகிற சந்தோஷ் வெள்ளையைப் போட்டு நேராக ஓட்டிவிட்டான். ஒரு பெட்டி நிறையச் சாம்பல் நிறத்தில் சுவிட்ச் மூடிகள். பிடித்துக் காய்ச்சினேன்.

"முன்னாடி ஓடுனது உள்ள ஒட்டிக்கினு இருக்கும்டா! கண்ணுக்குக் காலியாத் தெரியும், ஆனா இருக்கும். மொதல்ல வர்ற பீஸை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, நெறம் சுத்தமா வந்த பிறகுதான் எடுக்கணும். எத்தனை தடவை சொல்றது?"

மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை எல்லா ஷிப்டுக்கும் இதைப் பற்றி நானே வகுப்பு எடுக்க வேண்டுமாம். "பென்சன் சார் சொன்னா மண்டைல ஏறும்" என்றார். வீட்டில் வந்து டெல்பினிடம் ஒன்று விடாமல் பெருமையடித்துக்கொண்டேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

வந்துவிட்டது. இதுவரைக்கும் வந்ததிலேயே இதுதான் மோசம்.

ஞாயிற்றுக்கிழமை மில்லில் எனக்கு முன்னால் ரெண்டு டின் கோதுமை. வழக்கம் போல கைக்குட்டையோடு வெளியேதான் நின்றேன். அப்புறமும் வருகிறதென்றால் நான் என்னதான் செய்வது?

டெல்பின் இன்றைக்குச் சண்டை போடவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நான் ஒவ்வொரு கரண்டியையும் தனித்தனியாக் கழுவறேன். நீங்க போயி அங்க தின்னுட்டு வர்றீங்க. இனிமே நான் சமைக்கல. என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

வயிற்று வலியைத் தாங்கிக்கொள்ளலாம். இதை முடியவில்லை. இவள் என்னை நம்ப மாட்டேன் என்கிறாளே. கையில் ஒரு ஆதாரமும் இல்லை. தின்னவில்லை என்பதற்கு ரசீதா கொடுப்பார்கள்?

13 ஆகஸ்ட், புதன்

நானே கஞ்சி வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. அவள் நவநாளுக்குப் போயிருக்கிறாள். எனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறாளாம்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை முழுசாக எழுத வேண்டும்.

சாயங்காலம் மில்லில் எனக்கு முன்னால் கோதுமை. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன், மாஸ்டர் மாவை வீசிக்கொண்டிருந்தார், ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கினது டெல்பின். வெயிலே இல்லாத நேரத்தில் குடையை விரித்து முகத்தை மறைத்திருந்தாள். என்னைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறாள்!

"எங்க உங்க இலை?" என்றாள்.

"இன்னா இலை?"

என்னை விட்டுவிட்டு மாஸ்டரிடம் போனாள். "இவரு இங்க தின்றாரா இல்லியா? உண்மையைச் சொல்லுங்க."

மாஸ்டர் விருதுநகர்க்காரர், எதற்கும் அசராத ஆள். இன்றைக்கு அவரே எச்சில் விழுங்கினார். "சத்தியமா இல்ல டீச்சர். அண்ணன் கடைக்குள்ள வந்தே ரொம்ப நாளாச்சு. வாசல்ல நின்னு மோந்து பாத்துட்டுப் போயிருவாக. எங்களுக்கே பாவமா இருக்கும்."

டெல்பின் குடையை மடக்கினாள். அதற்குள் உள்ளே இருந்து சென்னகிருஷ்ணன் கூப்பிட்டார்: "அண்ணா, உங்க ராகியைக் கொண்டாங்க! சீக்கிரம், இன்னும் மூணு பேர் கீறாங்க!"

இருவரும் உள்ளே போனோம். கோதுமை அரைத்த அம்மா தன் டின்னை நகர்த்திக்கொண்டார். அதே மெஷினில், அதே வாயில் என் ராகியைக் கொட்டினார் சென்னகிருஷ்ணன். நான் என் டப்பாவைக் கீழே வைத்து, துணிக் குழாய் வழியாக வந்த மாவை ஒரு துளி சிந்தாமல் பிடித்தேன். முதலில் வெளுப்பாக வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பேறியது. எப்போதும் அப்படித்தான் வரும். எப்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன்.

டெல்பினும் பார்த்தாள். மாவைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள் மெதுவாக. "கறுப்பு ஓடுன மெஷின்ல வெள்ளையைப் போட்டான்னு அந்தப் பையனை இன்னா சொல்லித் திட்டுனீங்க?"

முன்னாடி ஓடுனது உள்ள ஒட்டிக்கினு இருக்கும்டா. மூன்று ஷிப்டுக்கும் வகுப்பு எடுத்தவன் நான். ஊருக்குத்தான் உபதேசம். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, வாய்க்கு அந்தக் கோதுமையை நானே டப்பா பிடித்துச் சுமந்து வந்திருக்கிறேன்.

டெல்பின் அங்கே இருந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. சிரிப்பில் கண்ணீர் வந்தது, பிறகு அது நிஜ அழுகையாகவே ஆனது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: "நீங்க பொய்யன் இல்லீங்க. மடையன்."

இந்த வருஷத்தில் யாரும் என்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

அந்த மாவு எதிர் வீட்டுக்குப் போயிற்று. தேவமணி வீட்டில் இன்றைக்குக் களி.

இரவு டெல்பின் சமைத்தாள்.

7 செப்டம்பர், ஞாயிறு

முதலில் வருகிற ராகியைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை எடுக்கலாமே என்றேன். "சுவிட்ச் மூடிக்குச் சரி. உங்க குடலுக்கு டாக்டர் துளின்னு சொல்லியிருக்காரு" என்றாள். நியாயம்தான். வீட்டுக்கே ஒரு சின்ன மாவு மெஷின் வாங்கியாயிற்று. அதன் நெற்றியில் சிவப்பு டேப். போட்டால் மாடி வீட்டில் பாத்திரம் அதிர்கிறதாம், சண்டைக்கு வந்தார்கள். டெல்பின் அவர்களுக்கு என் குடலின் முழு வரலாற்றையும் சொல்லி அனுப்பினாள். இனி வர மாட்டார்கள்.

சென்னகிருஷ்ணனுக்குத்தான் வருத்தம். "ராகி எங்க அண்ணா?" என்று வழியில் பார்த்தால் கேட்கிறார்.

12 நவம்பர், புதன்

பெங்களூர். அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. டாக்டருக்குச் சந்தோஷம். "குட். வெளியே சாப்பிடறதை நிறுத்திட்டீங்க போலிருக்கு" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் டெல்பின் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அவரு எப்பவுமே சாப்பிடல டாக்டர். ஒரு தடவைகூட. நீங்க நோட்டுல அப்படி எதுனா எழுதியிருந்தா அடிச்சிடுங்க."

டாக்டர் நிஜமாகவே எதையோ அடித்தார்.

பஸ்ஸில் அத்திப்பள்ளி வரைக்கும் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் தூங்கவில்லை, சும்மா சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

17 டிசம்பர், புதன்

சாயங்காலத்திலிருந்து சாரல், எலும்பைத் தொடுகிற குளிர். டெல்பின் குடை எடுக்காமல் நவநாளுக்குப் போயிருந்தாள். கூட்டி வரலாம் என்று கோயிலுக்குப் போனால் கதவு சாத்தியிருக்கிறது. நவநாள் முடிந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது என்றார் மணியடிக்கிறவர்.

மில் தெரு வழியாகத் திரும்பினேன்.

பரோட்டாக் கடையில் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பெண்கள். ஒன்று தேவமணி. இன்னொன்றின் புடவையை நான்தான் ஈஸ்டருக்கு வாங்கிக் கொடுத்தேன். இருவர் முன்னாலும் பிய்த்துப் போட்டு சால்னாவில் ஊறின பரோட்டா. கருப்பசாமி மாஸ்டர் என்னைப் பார்த்தார். கல்லின் மேல் கரண்டி அப்படியே நின்றது. டீச்சர் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

மனசு நெறைஞ்சிருக்கு. எத்தனை புதன்கிழமை!

வண்டியைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. உள்ளே போய் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவள் வாயில் வைத்த துண்டு வைத்தபடியே நின்றது. தேவமணி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நவநாள்... இன்னைக்குச் சீக்கிரம் முடிஞ்சிருச்சு" என்றாள் டெல்பின்.

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஆறு மாதமாக நான் வாங்கின அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். கக்கூஸ் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தபோது எனக்கும் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"மாஸ்டர்" என்றேன். "டீச்சருக்கு இன்னும் ரெண்டு. நல்லா பிச்சுப் போட்டு. எனக்கு ஒரு கட்டன் டீ."

வீட்டுக்கு வந்ததும் அவள் உள்ளே போகவில்லை. அந்தக் குளிரில் வாசல் குழாயடியில் நின்று, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு, வாயைக் கொப்பளித்து, மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவினாள். அதற்கப்புறம்தான் என் தட்டைத் தொட்டாள். நான் அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன்.

களி நன்றாக இருந்தது.