கருப்பம்மா குடிக்காத மருந்து

ஜூலை 14, திங்கள்
அக்கா மகள் துஷாந்தினி ஓ.எல். பரீட்சை நல்லா பாஸ். பண்டாரவளைக்குப் போய் சயன்ஸ் படிக்கணுமாம். அவ அப்பா ரெங்கசாமி அத்தான் ஸ்கூல் ஃபாரத்துல கையெழுத்து வைக்க மாட்டேங்குறார். "தேயிலத் தோட்டத்துப் புள்ளைக்கு சயன்ஸ் படிச்சு என்ன வேல கெடைக்கும்?" ஆஸ்பத்திரியில எத்தனை வேலை இருக்குன்னு சொன்னேன். இருவது வருசமா வாட்டுல இருக்கேன் — அட்டெண்டன்டுதான், ஆனா நான் இல்லாட்டி அங்க ஒரு கட்டில் நகராது. "நீ சொல்றதுல முக்காவாசி புளுகு மச்சான்" என்றார். ஃபாரம் கொடுக்க முப்பத்தொன்னு கடைசி நாள்.

ஜூலை 17
துஷாந்தினியோட ஸ்கூல் நஸ்மியா டீச்சரிடம் சொல்லிவிட்டேன்: ஆஸ்பத்திரியில என்னென்ன வேல இருக்குன்னு காட்டுறேன், புள்ளைங்க அஞ்சு பேரைக் கூட்டிட்டு வாங்க, பெரிய டொக்டர் நம்ம ஆள்தான். அவருக்கு என் பேர் தெரியுமா? மூஞ்சி தெரியும்.

ஜூலை 18
ஆஸ்பத்திரியைச் சுத்திப் பார்க்க அனுமதிக் கடிதம் சிங்களத்தில் வேணுமாம். எனக்குப் பேச வரும், எழுத வராது. துஷாந்தினி பத்து நிமிசத்துல எழுதிட்டா. நான்தான் சொல்லிக் கொடுத்தேன் — எங்க தேதி போடணும்னு.

ஜூலை 22, செவ்வாய்
நாசமாப் போச்சு.
எக்ஸ்ரே எடுக்கிற இடம், ரத்தம் பார்க்கிற இடம், கைகால் விளங்காதவங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் எல்லாம் காட்டினேன். "டொக்டர், நர்ஸ் ரெண்டுதான் வேலன்னு நெனச்சோம்" என்று புள்ளைங்க வாயைப் பிளந்தார்கள். அதோட நிறுத்தியிருக்கணும். எங்க வாட்டுக்கும் கூட்டிப்போனேன்.
அங்க கருப்பம்மான்னு ஒரு தோட்டத்து அம்மா. ரத்தத்துல சீனி ஏறிக் கிடக்கு, சிங்களம் தெரியாது. டொக்டருக்கும் அவங்களுக்கும் நடுவுல வழமைபோல நான். மருந்து ஒழுங்கா குடிச்சீங்களா?
"இல்லய்யா, முடிஞ்சு பத்து நாளாச்சு. எடுக்க வர லீவு கெடைக்கல."
"தவறாம குடிக்கிறாங்களாம்" என்றேன் டொக்டரிடம். பாவம், ஏச்சு விழக்கூடாதில்ல? எப்பவும் அப்படித்தான் சொல்றது. டொக்டர் மருந்தைக் கூட்டி எழுதப் போனார்.
பின்னாலிருந்து துஷாந்தினி, சுத்தமான சிங்களத்தில்: "இல்ல டொக்டர், பத்து நாளா குடிக்கலன்னு சொல்றாங்க."
பேனா நின்னுச்சு. டொக்டர் என்னைப் பார்த்தார். அஞ்சு புள்ளைங்களும் பார்த்துச்சு. என் வாட்டுல! நான் தூக்கி வளத்த கழுத!

ஜூலை 23
"மாமா, கோவமா?"ன்னு போன். வெச்சிட்டேன்.
கூட்டி எழுதியிருந்தா அந்த அம்மாவுக்கு என்ன ஆயிருக்கும்? இருவது வருசத்துல இப்படி எத்தன பேருக்கு — வேணாம்.

ஜூலை 25
டொக்டர் கூப்பிட்டு ஏசினார். கடைசியில, "அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்கச் சொல்லு. ரெண்டு பாஷை தெரிஞ்சவங்க இங்க எங்க இருக்காங்க?"
இத அத்தானிடம் யார் சொல்றது? நான் சொன்னா நம்புவாரா?

ஜூலை 29
அத்தானோட லயத்து வீட்டுக்குப் போனேன். நான் பொய் சொன்னது, அவர் மகள் திருத்தினது, நான் ஏச்சு வாங்கினது — நடந்தது நடந்தபடி. ஒன்னும் சேர்க்கல. நாக்கு அரிச்சுது.
அத்தான் என் மூஞ்சியையே பார்த்தார். "மச்சான், நீ தோத்த கத ஒன்னு இதுவரைக்கும் உன் வாயில வந்ததில்ல. அப்ப இது நெசம்."
பேனா கேட்டார்.

ஜூலை 31
ஃபாரம் கொடுத்தாச்சு. மூணு டொக்டர்மார் சேர்ந்து துஷாந்தினியை வரச் சொன்னாங்கன்னு கண்டீன்ல சொன்னேன்.
வாட்டுல மட்டும் ஆள் சொன்னதைத்தான் சொல்றேன். இன்னிக்கு ஒருத்தருக்கு என்னால நல்லா ஏச்சு விழுந்துச்சு. கருப்பம்மாவுக்கு சீனி இறங்கி, வீட்டுக்கு விட்டாச்சு.