ஏழு, எட்டு, ஒன்பதாம் குழிகளின் அடிமண் குறித்து

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தட்டச்சர், மண் ஆய்வு நிலையம்,
பகல் காப்பக மனைக்கு எதிர்வீடு, முதல் மாடி.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
பொதுக் கட்டடப் பிரிவு.

பொருள்: குழந்தைகள் பகல் காப்பகப் புதுக் கட்டடம் – மூன்று அடித்தளக் குழிகளில் உதிரி மண் நிரப்பியது – நேற்றைய சோதனையில் மெய்ப்பட்டது – வெள்ளிக்கிழமைக்கு முன் எழுத்து மூலம் ஆணை வேண்டுதல்.

பார்வை: 1. எனது முதல் மனு. 2. "மனுதாரர் பொறியாளர் அல்லர், புகார் ஆதாரமற்றது" என்ற தங்கள் அலுவலகப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதிலின் முற்பாதி முற்றிலும் சரி. நான் பொறியாளர் அல்லன். பொறியாளர்கள் எழுதிய மண் ஆய்வு அறிக்கைகளை முப்பத்தோர் ஆண்டுகள் தட்டச்சு செய்தவன். "அடித்தளம் கலைக்கப்படாத, இறுகிய இயற்கை மண்ணின் மேல் மட்டுமே அமைய வேண்டும்" என்ற வரியை எத்தனை முறை அடித்திருப்பேன் என்று தெரியாது. அதன் பொருள் எனக்குப் புரியும் என்று சொல்லிக்கொள்ளத்தான் துணிவு வரவில்லை. பிற்பாதி குறித்தே இம்மனு.

2. இக்கட்டடத்தின் அறிக்கையிலும் அவ்வரி உள்ளது. இறுகிய சரளை மண் ஐந்தடி ஆழத்தில் கிடைக்கிறது. பன்னிரண்டு குழிகளில் ஒன்பது அவ்வாறே தோண்டப்பட்டன. ஏழு, எட்டு, ஒன்பதாம் குழிகளில் மட்டும் இயந்திரம் கைமீறி ஏழடி போய்விட்டது. மட்டம் சரிசெய்ய, தோண்டிய மண்ணையே இரண்டடி உயரம் திரும்பக் கொட்டித் தண்ணீர் தெளித்தார்கள். என் மாடியிலிருந்து பார்த்தேன். பார்த்தது சரிதானா என்று இறங்கிப் போய் நாடாவால் அளந்தும் பார்த்தேன்.

3. அங்கிருந்த மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். "பெரியவரே, இங்க எடுத்த மண்ணைத்தானே இங்க போட்டோம்? அதே குழி, அதே மண்ணு. வேற ஊர்லேர்ந்தா கொண்டாந்தோம்?" என்றார். அதற்கான பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது: பல காலம் இறுகிக் கிடந்ததை ஒரு முறை கலைத்துவிட்டால், கொட்டிய மாத்திரத்தில் அது பழையபடி இறுகிவிடாது. கட்டடத்தின் ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால் சுவர் பிளக்கும். அம்மூலையில்தான் கைக்குழந்தைகள் உறங்கும் அறை வருகிறது. என் மகள் அக்காப்பகத்தில் பணிபுரிகிறாள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

4. தங்கள் பதில் வந்தபின் பேசாமல் இருந்துவிடத்தான் நினைத்தேன். "அத்தனை வருஷம் அடிச்சீங்களே, ஒரு வரியாவது மண்டைல ஏறுச்சா இல்லையா? ஏறியிருந்தா போய்ச் சொல்லுங்க" என்று என் மனைவி கூறியதால், உதவிப் பொறியாளரை நேரில் சென்று வேண்டினேன். அவர் நேற்று முற்பகல் வந்தார்.

5. முதலில் ஆறாம் குழியில் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடிக்கச் செய்தார். பத்து முறை அடித்தும் நான்கு விரற்கடையே இறங்கியது. பின்பு எட்டாம் குழியில் மேற்பார்வையாளரையே இறக்கி, வெறுங்கையால் அழுத்தச் சொன்னார். கம்பி இரண்டடியும் உள்ளே போயிற்று. அவரும் முழங்கால் மடங்கி அதன்மேல் சாய்ந்தார். "அண்ணே, அதே மண்ணுதானே?" என்று கொத்தனார் கேட்க, வேலையாட்கள் அனைவரும் வாய்விட்டுச் சிரித்தனர். ஏழிலும் ஒன்பதிலும் இதுவே நடந்தது. எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. புகார்தாரருக்கு அது தகாது என்றால் பொறுத்தருள்க.

6. உதவிப் பொறியாளர் வேலையை வாய்மொழியாக நிறுத்தியுள்ளார். ஆயினும் வெள்ளி காலை ஏழு மணிக்குக் கான்கிரீட் வண்டி வருகிறது. அதற்குள் திமிசுக்கட்டையால் அம்மண்ணை இடித்து இறுக்கிச் சரிசெய்துவிடலாம் என்று ஒப்பந்ததாரர் கூறுவதாக அறிகிறேன்.

ஆகவே, அம்மூன்று குழிகளிலும் உதிரி மண் முழுவதையும் அள்ளி, இயற்கை மண் தெரிந்தபின், கூடுதல் ஆழத்தை மண்ணால் அன்றி வெறும் கான்கிரீட்டால் நிரப்பவும், பன்னிரண்டு குழிகளையும் பொறியாளர் பார்த்து ஒப்பமிட்ட பின்பே அடித்தளம் போடவும் நாளைக்குள் எழுத்து மூலம் ஆணையிட வேண்டுகிறேன். 'ஆதாரமற்றது' என்ற சொல்லையும் கோப்பிலிருந்து நீக்கினால் நன்று. முதலில் மண்ணை நீக்கினால் போதும்.

எனது முதல் மனுவில் 'என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம்' என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தேன். அம்மூன்றையும் அடித்துவிட்டுப் படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேற்படி எதிர்வீடு
நாள்: புதன்கிழமை, காலை

உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற தட்டச்சர்