ஞாயிற்றுக்கிழமைத் தேநீர் முறை

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒன்பது பேர். இரண்டு முறை எண்ணிவிட்டேன், ஒன்பதுதான். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால்கூட சாஃப்ட்பால் ஆட முடியாது.

போன வருடம் பள்ளியில் பெண்கள் குழுவைக் கலைத்துவிட்டு, இனி ஊர்ச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று கடிதம் அனுப்பினார்கள். ஊர்ச் சங்கம் என்றால் யார்? பஸ் ஓட்டும் நான்தான். சங்கத் தலைவர் ஒகுமுரா ஐயா திடலின் சாவியை வைத்துக்கொண்டு கூடாரத்தில் உட்காருவார். மே 31க்குள் ஒன்பது பெயர் கொடுத்தால் டோயாமா நகரில் நடக்கும் போட்டிக்குப் போகலாம். இல்லையென்றால் ஞாயிறு காலைத் திடல் பையன்களின் பேஸ்பாலுக்கு என்று இன்றும் நினைவுபடுத்தினார்.

தேநீர் முறை இன்று ரிகோ அம்மாவுக்கும் சுஸுனே அம்மாவுக்கும். ஆடும் பெண்களின் அம்மாக்களில் வாரம் இருவர் வந்து எனக்கும் ஐயாவுக்கும் தேநீர் ஊற்றி, கோப்பை கழுவ வேண்டும். அட்டவணை எழுதுவது ரிகோ அம்மா, அதில் முத்திரை குத்துவது நான். சுஸுனே அம்மா வரவில்லை. வழக்கம்போல மகளிடம் பயறு இனிப்புப் பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். காகிதத்தைக் கிழித்து நான்கு தின்றேன். தாராள மனசு அந்த அம்மாவுக்கு.

ஏப்ரல் 30, புதன்

சுஸுனே விலகுகிறாளாம். வேறு யாராவது என்றால்கூடப் பரவாயில்லை. என்ன பந்து போட்டாலும் பிடிக்கிற ஒரே கேட்ச்சர் அவள்தான்.

"பிடிக்கல, கோச்" என்றாள். ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டுப் பேர வெச்சு நான் என்னடி பண்றது? பல்லாங்குழி ஆடவா?" என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உனக்கு உறுதியே கிடையாது"ன்னும் சொல்லித் தொலைச்சேன். பதினாலு வயசுப் பொண்ணு. குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டாள். அழவும் இல்லை.

மே 4, ஞாயிறு

எட்டுப் பேர். கேட்ச்சராக, மட்டையடிப்பவளுக்குப் பின்னால் நானே குந்தி உட்கார்ந்தேன். முழங்கால் போச்சு.

ஒகுமுரா ஐயா கோப்பையை ஊதிக்கொண்டே சொன்னார்: "ஏம்மா கயோ, பொண்ணுங்க இந்த வயசுல இப்படித்தான். கண்ணாடி பாக்க ஆரம்பிச்சா பந்து கண்ணுக்குத் தெரியாது. விட்டுடேன்."

ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ?

மே 7, புதன்

பள்ளி வாசலில் துண்டுச்சீட்டு கொடுத்தேன். அறுபது கொடுத்தேன். ஒருத்திகூட வரவில்லை.

மே 11, ஞாயிறு

மழை, பயிற்சி இல்லை. வேலைக்கு ஆள் வராததால் காலை ஆறு நாற்பது வண்டியை நான் எடுத்தேன். ஆற்றோர நிறுத்தத்தில் முதியோர் இல்லச் சீருடையில் ஒரு பெண் ஏறினாள். கையில் அதே இனிப்புப் பெட்டி. என்னைப் பார்த்ததும் இடுப்பு வளையக் குனிந்தாள். சுஸுனே அம்மா! ஒரு வருடமாக அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"இன்னிக்கு என் முறை, கோச். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு தர மாட்டாங்க. சுஸுனே விலகிட்டா, ஆனா அட்டவணையில என் பேரு ஜூலை வரைக்கும் இருக்கு. மத்த அம்மாக்களுக்கு என்னால சிரமம். பெட்டிய திடல்ல வெச்சுட்டுப் போலாம்னு... மன்னிச்சிடுங்க."

மகள் விலகிய பிறகும் மன்னிப்பு. வண்டியில் இருந்தவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உக்காருங்க, வண்டி கிளம்புது." அவ்வளவுதான் வந்தது.

இறங்கும்போது அவர் என்னிடமே விட்டுப்போன பெட்டி என் இருக்கைக்குப் பின்னால் கடைசி நிறுத்தம்வரை வந்தது. இந்த முறை காகிதத்தைக் கிழிக்காமல் பிரித்தேன். உள்ளே ஒரு சீட்டு, நுணுக்கி நுணுக்கி எழுதிய மன்னிப்பு. அப்படியானால் முன்னால் வந்த ஏழு பெட்டியிலும்? ஐயோ, எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு இனிப்பை மட்டும் தின்னிருக்கேனே!

மே 13, செவ்வாய்

சுஸுனே என் வண்டியில் ஏறினாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின், ஏன் விலகினாய் என்று கேட்டேன். ஒரேயடியாகக் கொட்டினாள்.

"சனிக்கிழமை வேலை முடிஞ்சு வந்து அம்மா அந்தச் சீட்ட எழுதுவாங்க. ஒரு எழுத்து கோணினாக்கூட மறுபடி முதல்ல இருந்து எழுதுவாங்க. நான் பந்து பிடிக்கிறதுக்கு அவங்க எதுக்கு கோச் மன்னிப்புக் கேக்கணும்?"

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். உறுதி இல்லை என்றேனே இவளையா?

மே 15, வியாழன்

அம்மாக்கள் கூட்டம். தேநீர் முறை இனி கிடையாது என்றேன். ரிகோ அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"ஒரு வருஷமா பனியில நின்னு கோப்பை கழுவினது நாங்க. அப்பல்லாம் உங்களுக்குத் தோணலையா?"

"தோணல."

"வர முடியலன்னா பெட்டி அனுப்பினாப் போதும்னு நாங்க விட்டுத்தானே குடுத்தோம்?"

"அதத் தின்னது நான்தான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதுதான் இன்னும் குத்துகிறது.

மே 18, ஞாயிறு

ஒகுமுரா ஐயா வந்தார், உட்கார்ந்தார், காத்திருந்தார். யாரும் தேநீர் கொண்டுபோகவில்லை. நான் அடித்துக்கொடுத்த பந்தெல்லாம் கோணலாகப் போயிற்று. இருபது நிமிடம் கழித்து எழுந்தார்.

"பெரியவங்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணி ஊத்தத் தெரியாத குழுவுக்குத் திடல் எதுக்கு?"

மே 25, ஞாயிறு

திடல் கேட்டில் பூட்டு. எட்டுப் பெண்களும் மட்டையோடு சாலையில் நின்றார்கள். பணிமனை மேலாளரைக் கெஞ்சி, பஸ்களை ஓரம் கட்டிவிட்டு அங்கே ஆடினோம். சிமெண்டுத் தரை, விழுந்தால் தோல் போகும். எவளும் முணுமுணுக்கவில்லை. இன்னும் ஆறு நாள், இன்னும் எட்டே பேர்.

மே 28, புதன்

சத்தியத்தை மீறிவிட்டேன்.

முதலில் நானும் ஒரு பெட்டி வாங்கப் போனேன். பாதி வழியில் உறைத்தது, நான் பெட்டி கொடுத்தால் அந்த அம்மா பதிலுக்கு ஒன்று அனுப்புவார். வெறுங்கையோடு போய் வாசலில் நின்று சொன்னேன்: "முறைய எடுத்துட்டோம். யாரும் வர வேண்டாம், எதுவும் அனுப்ப வேண்டாம். உங்க பொண்ணு பிடிக்காம விலகல."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எனக்காகவா?" என்று மட்டும் கேட்டார். உள்ளே சுஸுனே நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தப்புப் பண்ணிட்டேனா?

மே 30, வெள்ளி

சுஸுனே இன்றும் என் வண்டியில் ஏறவில்லை. நடந்தே போகிறாள்.

மே 31, சனி

பெயர்ப் பட்டியல் வாங்கும் அலுவலகம் பகல் பன்னிரண்டுக்கு மூடும். பதினொன்றரைக்குச் சுஸுனே வந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பேனாவை வாங்கிப் பெயரை எழுதினாள்.

"உங்க மேல கோவம் போகல, கோச்."

"போக வேணாம். நாளைக்கு எட்டு மணிக்கு வா."

ஜூன் 15, ஞாயிறு

டோயாமாவில் 2-11. முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வினோம். திடல் பூட்டு இன்னும் திறக்கவில்லை, அடுத்த ஞாயிறும் பணிமனைதான்.

ரிகோ அம்மா என்னிடம் பேசவில்லை. ஆனால் வந்திருந்தாள், முன்வரிசையில். ரிகோ பந்தை அடித்துவிட்டு ஓடியபோது தொண்டை கிழியக் கத்தினாள். அவள் மகள் அடித்து இதுவரை பார்த்ததே இல்லையாம். எப்படிப் பார்ப்பாள், கூடாரத்துக்குப் பின்னால்தானே கோப்பை கழுவும் குழாய்!

சுஸுனே ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை. ஆட்டம் முடிந்ததும் கவசத்தைக்கூடக் கழற்றாமல் போனை வாங்கி வேலையில் இருந்த அம்மாவை அழைத்தாள்.

"அம்மா, தோத்துட்டோம்! படுதோல்வி!" என்று குதித்தாள். பிறகு சற்றுத் தள்ளிப் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். எனக்குக் கேட்டது.

"இல்லம்மா. நீ ஏன் வரலன்னு யாருமே கேக்கல."