வீட்டுப் பானைத் தண்ணீர்

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் உறவாகிப்போன டாக்டரம்மாவுக்கு,

கோடை முடிந்துவிட்டது. ஆடி விதைப்புக்கு மாடுகள் போய்க்கொண்டிருக்கின்றன. தை மாதம் நீங்கள் கண் மூடியபோது ஒரு கேள்வியைப் பாதியில் விட்டுப் போனீர்கள். "வர்ற கோடையில உங்க தெருவுல யார் காலுலயாவது புழு வருமா, மாதம்மா?" அதற்குப் பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. நேரில் என்றால் உங்கள் முன்னால் எனக்கு வாய் எழுந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

தருமபுரி ஸ்டேஷனில் நீங்கள் வந்து இறங்கியபோது நான் பாவாடைச் சிறுமி. அன்றிலிருந்து கடத்தூர்ப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மாட்டுவண்டியில் வந்தீர்கள். சித்தேரி மலைக்கு நடந்தே ஏறினீர்கள். மருத்துவச்சிகளுக்கு நகம் வெட்டிக் கை கழுவப் பழக்கினீர்கள். அப்பாவிடம் பேசி என்னைச் சென்னைக் கல்லூரிக்கு அனுப்பியதும் நீங்கள்தான். 'ஏன் இப்படிச் செய்யறீங்க?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பீர்கள். அந்தப் பொறுமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

நரம்புச்சிலந்திதான் உங்களைத் தூங்கவிடவில்லை. படிக்கிணற்றில் இறங்கி மொண்ட தண்ணீரைக் குடித்தால், ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் வெடித்து, நூல் போலப் புழு தலை நீட்டும். அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அறுந்தால் கால் வீங்கிவிடும்.

யுத்தத்தில் துணிக்குத் தட்டுப்பாடு. உங்கள் பழைய வெள்ளைப் புடவைகளைக் கிழித்து வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்து, வடிகட்டிக் குடிக்கச் சொன்னீர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் உங்கள் கண்ணெதிரே வடிகட்டித்தான் தந்தார்கள். ஆனாலும் இரண்டு கோடை கழிந்தும் புழு வந்துகொண்டே இருந்தது. என் அண்ணி இரண்டு கோடையும் பாயில் கிடந்தாள். துணியில் ஓட்டை இருக்குமோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தீர்கள்.

போன வருஷம் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் அதையே யோசித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். ஆத்தா சொம்பின் வாயில் துணியைக் கட்டி உங்களுக்குத் தண்ணீர் வடித்தாள். லீவுக்கு வந்திருந்த நான் கதவோரம் நின்று, எப்படியோ சொல்லிவிட்டேன்.

"டாக்டரம்மா, வடிகட்டறது உங்களுக்கு மட்டுந்தாங்க."

"ஏண்டி, வந்தவங்க முன்னால வூட்டுப் பேச்சு பேசறே?" என்று ஆத்தா சீறினாள்.

உங்களுக்குக் கோபம் வரவில்லை. கண்தான் அகன்றது. "அப்ப வூட்டு ஆளுங்களுக்கு?"

"நாங்க மொண்டபடி குடிச்சுக்குவோமுங்க. உங்க சீலையில வடிச்ச தண்ணி விருந்தாளிக்குங்க. மாப்பிள்ளை வந்தா குடுப்போம், மணியக்காரர் வந்தா குடுப்போம். மருமகளுக்குப் போயி வடிகட்டிக் குடுத்தா ஊரு சிரிக்காதுங்களா?"

நீங்கள் எழுந்து போய், மூலையிலிருந்த வீட்டுப் பானைக்குள் சொம்பை விட்டீர்கள். ஆத்தா பாய்ந்து உங்கள் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, அதைக் குடிச்சா புழு வருமுங்க!"

"எனக்கு வரும். உங்க மருமகளுக்கு வராதா?"

ஆத்தா பாயில் கிடந்த அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அப்போது முழுகாமல் இருந்தாள். உங்கள் கையை மட்டும் ஆத்தா விடவில்லை.

"விருந்தாளியா வந்தது போதும்," என்றீர்கள். "எனக்கு ஒரு உறவுமுறை சொல்லுங்க. உங்களுக்கு நான் என்ன வேணும்?"

"தங்கச்சின்னு வச்சுக்கலாமுங்க," என்று ஆத்தா முணுமுணுத்தாள்.

"அப்ப எனக்கும் வூட்டுப் பானைதான். எப்ப வருவேன்னு சொல்லமாட்டேன். வந்து நானே மொண்டு குடிப்பேன்."

அப்படியே வந்தீர்கள். பக்கத்து வீட்டுக்கு அத்தையானீர்கள், எதிர்வீட்டுக்கு நாத்தனாரானீர்கள். நீங்கள் எந்த நேரம் நுழைவீர்களோ என்று பயந்தே எல்லா வீட்டுப் பானை வாயிலும் உங்கள் புடவைத் துண்டு ஏறியது. முதல் தடவை மொண்டு குடித்தபோது உங்களுக்குப் பயமாக இல்லையா? அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

இப்போது பதிலைச் சொல்கிறேன். அண்ணி காலில் புழு இல்லை. உங்கள் கையில் பிறந்த பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு விதைக்கப் போயிருக்கிறாள். தெருவில் ஒரே ஒருவருக்குத்தான் வந்தது. அது அப்பா. ஏன் அவருக்கு மட்டும் என்று, நீங்கள் கேட்பதுபோலவே கேட்டேன்.

"காட்டுக் கிணத்துல கையால அள்ளிக் குடிக்கறேன். அங்க எந்தக் கொழுந்தியா வந்து பாக்கப் போறா?" என்று சிரிக்கிறார். காலில் குச்சியைக் கட்டிக்கொண்டே சிரிக்கிறார்.

ஆனால் நீங்கள் போன பிறகு குடித்த தண்ணீர் அடுத்த கோடையில்தானே பேசும்? வருவதற்கு ஆளில்லை என்றானபின் யார் வடிகட்டுவார்கள் என்று எனக்குக் கவலை. நேற்றுப் பார்த்தேன். ஆத்தா பானை வாயில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மாதான் இல்லையே ஆத்தா, இன்னும் யாருக்கு?"

"எப்ப வருவேன்னு சொல்லமாட்டேன்னுதானடி சொன்னா?" என்றாள், தலையைத் தூக்காமலே.

சின்னம்மா, அடுத்த மாதம் சுகாதாரப் பயிற்சியில் சேர்கிறேன். இனி எந்த ஊரில் எந்த வாசலில் நின்றாலும், முதலில் ஓர் உறவுமுறை கேட்டு வாங்கிக்கொண்டுதான் தண்ணீர் கேட்பேன். அதற்கு முன்னால் அப்பாவின் காட்டுக் கிணற்றடிக்குப் போகப்போகிறேன். எப்போது என்று அவரிடம் சொல்லமாட்டேன்.

உங்கள் அக்காள் மகள்,
மாதம்மாள்