கௌரியின் நான்காவது காம்பு

என் அன்பான லூர்துவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. அங்கே கறக்க மாடும் கிடையாது, கத்துவதற்கு நானும் கிடையாது. நிம்மதியாக இருப்பாய். அந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் எழுதுகிறேன். கௌரிக்கு மடிநோய் வந்துவிட்டது. வரவைத்தது நான்தான்.

கத்தாதே. முழுவதும் கேள்.

இருபது வருஷமாக நம் வீட்டில் நீ கறப்பாய், நான் கேனில் ஊற்றி ஸ்கூட்டரில் கொண்டுபோவேன். தொம்மலூரில் எல்லோரும் என்னைப் பால்காரர் என்றார்கள், நானும் மறுத்ததில்லை. நீ போன பிறகுதான் தெரிந்தது, நான் பால்காரன் இல்லை, கேன் தூக்குகிறவன். நான் காம்பைப் பிடித்தால், பஸ்ஸில் பாக்கெட் அடிக்கிறவனைப் பார்ப்பதுபோல கௌரி திரும்பிப் பார்க்கிறாள்.

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகத் தெளிவாகப் பேசிய நாள் நினைவிருக்கிறதா? எனக்கு ஏதோ சொல்லப் போகிறாய் என்று காதைக் கிட்டே கொண்டுவந்தேன். "கௌரிய வித்துடாதீங்க" என்றாய். முப்பது வருஷக் குடித்தனத்துக்கு அதுதான் கடைசி வார்த்தை. நானும் தலையாட்டினேன்.

அதனால்தான் கறவை மிஷின் வாங்கினேன். கடைக்காரர் கேட்டார், "காம்பு எப்படி சார்? மெல்லிசா, தடிப்பா? அதுக்குத் தகுந்த ரப்பர் போடணும்." எனக்கு என்ன தெரியும்? "சாதாரண சைஸ்தாங்க" என்றேன். கல்யாணமான புதிதில் உன் கை அளவு தெரியாமல் வளையல் வாங்கி வந்தேனே, சோப்புப் போட்டும் நுழையவில்லையே, அதே ஆள்தான். இந்தமுறை பெரிதாகப் போய்விட்டது. அவளுக்கோ விரல் மாதிரி மெல்லிய காம்புகள்.

மிஷினில் நாலு கப். உள்ளே இருக்கும் ரப்பர், கன்று குடிப்பதுபோல விட்டுவிட்டு இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்று காட்ட ஒரு டயல், கூட்டிக் குறைக்க ஒரு திருகு. முள் பச்சைக் கோட்டில் நிற்கவேண்டும் என்றார்கள். பச்சையில் பால் சொட்டுச் சொட்டாக வந்தது. டீக்கடையில் ஆபீசுக்காரர்கள் காத்திருப்பார்களே என்று திருகினேன். முள் சிவப்புக்குப் போனது. சத்தம் கூடியது, பால் கூடவில்லை. பின்பக்கத்து ஆபீசில் கண்ணாடி வழியாக நாலு தலை எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான்.

கௌரி உதைத்தாள். நான் காலைக் கட்டினேன். ஆமாம் லூர்து, கட்டினேன். பத்து நாள்.

நேற்றுக் காலையில் பின்பக்கத்து இடது காம்பில் திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக வந்தது. மடியில் அந்தப் பக்கம் நெருப்பாய்ச் சுட்டது. கன்னடக்கார மாட்டு டாக்டரம்மா வந்து தொட்டுப் பார்த்தார்.

"ஏன்ரீ, இது மடியா, கல்லா? யார் கறக்கிறது?"

"மிஷினுங்கம்மா."

"மிஷின் தானா நடந்து வந்து மாட்டிக்கிச்சா?"

ஊசி போட்டார். மூன்று நாள் கெடு. அதற்குள் இளகாவிட்டால் அந்தக் காம்பு போய்விடுமாம். ஊசி போட்ட பாலை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பதால் எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டுகிறேன். இன்று இரண்டாம் நாள்.

உன் மகள் ஸ்டெல்லா நேற்று ஆபீசுக்குக் கிளம்பும்போது சொன்னாள், "அப்பா, ஆனேக்கல்ல ஒருத்தர் கேக்குறாரு. குடுத்துடலாம். உங்களாலயும் முடியல, அதாலயும் முடியல."

"அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்மா."

"விக்காதீங்கன்னுதானே அம்மா சொன்னாங்க? கொல்லுங்கன்னு சொல்லலையே."

அதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா?

நேற்று மத்தியானம் மிஷின் ரிப்பேர் செய்கிறவர் வந்தார். ஓசூர்க்காரர். மிஷினைத் தொடாமல் முதலில் என்னைப் பிடித்தார். "அண்ணா, கட்டை விரல இந்தக் கப்புக்குள்ள விடுங்க." விட்டேன். மோட்டரைப் போட்டார்.

"எவ்ளோ நேரம்பா?"

"அவ நின்ன நேரம்."

இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. விரல் நாவற்பழமாகி நகத்தடியில் விண்விண்ணென்று தெறித்தது. "போதும்பா!" என்று அலறினேன்.

"அவளால போதும்பான்னு சொல்ல முடியாதில்லண்ணா. அதான் உதைச்சிருக்கா."

அவர் மெல்லிய ரப்பர் மாற்றினார், முள்ளைப் பச்சையில் நிறுத்தினார், நோய்க்காம்புக்கு உரிய கப்பை அடைத்துவிட்டார். பிறகு சொன்னார், "வெதுவெதுன்னு தண்ணில துடைங்க. துடைச்ச உடனே மாட்டாதீங்க. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் பொறுங்க. அவ பாலை மடியிலேர்ந்து எறக்கணும். வெறும் காம்ப இழுத்தா புண்ணுதான் மிஞ்சும். அண்ணி எப்படிச் செய்வாங்க?"

அண்ணி எப்படிச் செய்வாள்?

வெந்நீர்த் துணியால் மடியைத் துடைத்துக்கொண்டே மணிக்கு ஒரு மந்திரமாக ஜெபமாலையில் ஒரு பத்து சொல்வாய். நான் கேனோடு நின்று, "மாட்டுக்கு எதுக்குடி ஜெபமாலை? நேரமாவுது" என்று கத்துவேன். பத்தும் முடியும்வரை என் பக்கம் திரும்பக்கூட மாட்டாய். அதற்கப்புறம் காம்பில் கை வைத்தால் சர்ர்ரென்று பாத்திரத்தில் நுரை கட்டும். அதைப் பக்தி என்று நினைத்தேனே. அது பக்தியா, அந்த ஒன்றரை நிமிஷக் கணக்கா? உனக்குத் தெரிந்தே செய்தாயா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா?

நீ போனதிலிருந்து நான் ஜெபமாலையைத் தொடவில்லை. உன் விஷயத்தில் மாதாவோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. கொட்டகை ஆணியில் நீ மாட்டிய மாலை அப்படியே தூசி படிந்து கிடந்தது. இன்று காலையில் அதை எடுத்தேன். துடைத்துக்கொண்டே தொடங்கினேன். நாலாவது மணியில் பாதியோடு நின்றுவிட்டேன். மீதிப் பாதியைப் பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ஸ்டெல்லா. தோளில் ஆபீஸ் பையோடு நின்றிருந்தாள். அதற்கப்புறம் முன்பாதி நான், பின்பாதி அவள், நீயும் அவளும் சொல்வீர்களே அப்படி. எட்டாவது மணியில் கௌரியின் காம்பில் பால் தானாகச் சொட்டியது.

காலைக் கட்டாமல் மூன்று காம்புக்கு மட்டும் மிஷினை மாட்டினேன். அவள் உதைக்கவில்லை. மூன்றும் சுரந்தன.

நான்காவதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை கையால்தான் பீய்ச்ச வேண்டும். இன்னும் கட்டி வருகிறது. இன்னும் சுடுகிறது. நான் அமுக்கும்போது அவள் நடுங்குகிறாள். ஸ்டெல்லா இன்று ஆபீசுக்குப் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் "எளகிச்சாப்பா?" என்று கேட்கிறாள். இளகியதா, இளகியதாக என் கை ஆசைப்படுகிறதா, தெரியவில்லை. ஆனேக்கல் பேச்சை அவள் எடுக்கவில்லை.

நாளை டாக்டரம்மா வருவார். அந்தக் காம்பு பிழைக்குமோ என்னவோ, எனக்குப் பயமாக இருக்கிறது லூர்து. செத்துப்போனால் மூன்று காம்போடு கௌரி இங்கேயே இருப்பாள். முள் பச்சையைத் தாண்டாது. பத்து முடியாமல் சுவிட்சில் கை போகாது. அவள் காலில் இனிக் கயிறு ஏறாது. உதைத்தால் வாங்கிக்கொள்கிறேன், வீட்டில் வாங்கிப் பழகியவன்தானே. மாதாவோடு என் கோபம் இன்னும் தீரவில்லை. நீ அந்த மாதாவுக்குப் பக்கத்தில் இருந்தால் கௌரிக்காக ஒரு வார்த்தை சொல்லி வை. எனக்காக வேண்டாம்.

கட்டைவிரல் நீலம் மாறாத,
உன் ஸ்டெல்லாவின் அப்பா