உயிர் இரை பிடித்த லட்சணம்

1991 ஆடி, ஞாயிறு இரவு

என் மச்சான், சரோஜாவின் தம்பி பாபுவோடு எண்ணூர்க் கழிமுகத்தில் கட்டுமரம் எடுத்துக் கொடுவா மீன் பிடிக்கப் போனேன். கொடுவாவுக்குத் துள்ளுகிற இறால்தான் இரை. தென்னங்கீற்றுகளைக் கட்டாகக் கட்டி ஓரத்துத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, இறால் உள்ளே ஒதுங்கியதும் மெல்லத் தூக்கி உதறினால் போதும். அதற்குப் பொறுமை வேண்டும். பாபு பையிலிருந்த பூச்சிமருந்தை ஊற்றிவிட்டான்.

தண்ணீர் வெளுத்தது. இறாலும் நண்டுக் குஞ்சும் மடவை மீனும் மல்லாந்து மிதந்தன. செத்த இறாலைக் கொடுவா தொடுமா, மடையன்!

சற்றுத் தள்ளி இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கண்ணைக் கசக்கியபடி கரையேறினாள்.

"பாவிங்களா, நாளிக்கு நாங்க இன்னாத்த துன்றது?"

பாபு சிரித்தான். மடவைகளைப் பொறுக்கிப் பையில் போட்டான்.

"தூக்கிப் போடுடா அத்த."

"இன்னா மாமா, சும்மா கெடச்ச மீனு!"

காட்டுப்பாக்கத்தில் வீடு வந்து நான் குளித்துக்கொண்டிருந்தபோது பாபு அந்த மீனை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டிருக்கிறான். தெரிந்ததும் ஈரத்துண்டோடு ஓடினேன். எதிர்வீட்டு அக்கா குழம்பை அப்படியே சாக்கடையில் கொட்டினாள்.

"பசங்களுக்கு முன்னாடியே ரெண்டு துண்டு வறுத்துக் குட்த்துட்டனே, அண்ணாத்தே!"

பிள்ளைகளை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்து கொடுத்தார். இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பாபுவை வெளியே போகச் சொன்னதற்காகச் சரோஜா என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். கையைச் சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவியும் மருந்து நாற்றம் போகவில்லை. எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது. அந்த வீட்டுச் சின்னவன் இருமுகிறான். வெறும் இருமல்தான். போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.